கருங்கல் பக்கம் எங்கள் ஊர் முக்குச் சாயாக்கடை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கலுக்கும் பள்ளியாடிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் பகலில் வந்து பார்த்தால் வயசானவர்களும் ரப்பர் மரமும்தான் இருக்கும். வேலைக்குப் போகிற எல்லோரும் விடியும்போதே கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்துக்குத் தன்னை ஒத்து வைத்திருக்கிற ஒரே கடை முக்கில் இருக்கும் இந்தச் சாயாக்கடை, அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம்.

இருட்டிலேயே அடுப்பு எரியும். முதலில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் பால் விடாத கட்டன் சாயா ஒன்று குடித்துவிட்டுத் தோட்டத்தில் இறங்குவார்கள், அப்புறம் கேரளாவுக்கு வேலைக்குப் போகும் கொத்தனார்களும் கையாட்களும், அதற்குப் பின்னால் பள்ளியாடியில் பாசஞ்சர் பிடித்துத் திருவனந்தபுரம் போகிறவர்கள். 1956-ல் நம்ம மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் வேலைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் இன்னும் அந்தக் கேரளாப் பக்கம்தான் ஓடுகிறோம், 1979-ல் வந்த ரயில் பாதை அதை இன்னும் லேசாக்கிவிட்டது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். புட்டு அருமை. தேங்காய்த் துருவலில் கஞ்சத்தனமே கிடையாது, மாவு உதிரியாக இருக்கும், கூடவே வேகவைத்த சிறுபயறும் பப்படமும். எனக்குப் பிடித்தது மட்டி வாழைப்பழத்தோடு பிசைந்து சாப்பிடுவது (2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே நம்ம ஊர் மட்டிதான்). பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டதும் கடைக்கார அண்ணன் வாழையிலையில் கட்டி கையில் தந்துவிடுவார், காசை சாயங்காலம் கொடுத்தால் போதும். வண்டியை நிறுத்திவிட்டுப் போனால் பார்த்துக்கொள்வார், பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்தால் வீட்டுச் சாவியும் அவரிடம்தான் இருக்கும். டவுனில் எந்த பேக்கரியில் இது நடக்கும்?

குறை இல்லாமல் இல்லை. சீனி குறைவாக என்று முதலிலேயே சொல்லாவிட்டால் சாயா பாயசம் மாதிரி வரும். அதைவிடப் பெரிய குறை, பெண்கள் உட்கார இடமே இல்லை. 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு வேண்டாம் என்று ஆனதிலிருந்து மார்த்தாண்டத்துக்கும் தக்கலைக்கும் வேலைக்குப் போகிற அக்காமார் எங்கள் நிறுத்தத்தில் நன்றாகவே கூடிவிட்டார்கள், ஆனால் அவர்கள் இன்னும் ரோட்டோரம் நின்றுகொண்டு பார்சல் வாங்கிப் போகிறார்கள். உள்ளே ஒரு பெஞ்சைத் தள்ளிப் போட்டால் முடிகிற காரியம். அண்ணன் இதைச் சீக்கிரம் செய்ய வேண்டும், நான் நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் ரசவடை உண்டு, ரயிலில் இருந்து இறங்கி வருகிறவர்களுக்கு மிஞ்சுவது அபூர்வம், போன் பண்ணிச் சொன்னால் எடுத்து வைப்பார். ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன்கறியும். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து சாளை மீன் வந்த நாள் என்றால் தூக்குப் பாத்திரத்தோடு சீக்கிரம் போய்விடுங்கள்.