குருப்பணி விட்டவர்களின் வாழ்க்கைப் பதிவு: சுங்கை சிப்புட் தட்டச்சுக் கடை எப்படி?

கத்தோலிக்கக் குருப்பணியை விட்டு மணம் முடித்தவர்களின் பேச்சைப் பதிவு செய்வதில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் இந்தக் கடை கெட்டி. சட்டையில் மாட்டும் மைக், காற்றாடியை அணைத்துவிடுவார்கள், தகரக் கூரையில் மழை தட்டினால் பதிவை நிறுத்திவிடுவார்கள்.

கோளாறெல்லாம் தட்டச்சில்தான். பணியை விட்ட தேதி, ரோமிலிருந்து விலக்கு வந்த தேதி, கல்யாணத் தேதி மூன்றும் வேறு. மணத்துறவிலிருந்து (மணமின்றி வாழும் கடமையிலிருந்து) விலக்கு தருவது திருத்தந்தை மட்டுமே (1983 திருச்சபைச் சட்டம், எண் 291). அது வருமுன்பே பதிவுத் திருமணம் முடித்தவர்களும் உண்டு. இங்கே மூன்றையும் ஒரே வரியில் அடைத்துவிடுகிறார்கள். மூன்று கட்டம் போட்ட தாளை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். ‘பட்டம் பறிபோனது’ என்று அடித்தால் திருத்தச் சொல்லுங்கள்: பெற்ற குருப்பட்டம் அழியாது (எண் 290), சாகும் தறுவாயில் இருப்பவருக்குப் பணியை விட்டவரும் பாவமன்னிப்பே வழங்கலாம் (எண் 976).

மனைவிக்குத் தனி மைக் கேளுங்கள். அடுப்படியிலிருந்து அவர் குறுக்கே சொல்வதில்தான் பாதிக் கதை. இவர்களோ அதை இரைச்சல் என்று வெட்டிவிடுகிறார்கள்.