லீஸ் செடானா, லீஸ் கிராஸ்ஓவரா: திருவொற்றியூர்த் தெருவில் போட்ட கணக்கு

எங்கள் பக்கம் 'லீஸ்' என்றால் வீடுதான். ஐந்தோ ஆறோ லட்சத்தை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும் நாளில் அதே தொகையை எண்ணி வாங்கிக்கொண்டு போவது. 2021 டிசம்பரில் லீஸில் கார் எடுக்கப் போகிறேன் என்றதும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "முடியும்போது எவ்வளவு திரும்பக் கொடுப்பார்கள்?" ஒரு சிறு முன்வைப்பைத் தவிர ஒன்றும் கொடுக்க மாட்டார்கள், காரையும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கீரை ஆயப் போய்விட்டார்.

அந்த மூன்று வருட லீஸில் எடுத்தது சிறிய செடான், பின்னால் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் வகை. 2024 டிசம்பரில் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு பத்து மாதத்துக்கு மேல் தேரடியில் மெட்ரோ ஏறி சென்ட்ரல், அங்கிருந்து மின்சார ரயிலில் அம்பத்தூர் என்று அலுவலகம் போய் வந்தேன். 2025 நவம்பரில் மறுபடியும் லீஸ். இந்த முறை தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும் கிராஸ்ஓவர், நான்கு வருடம், ஆனால் வேறு வகை ஒப்பந்தம்: கடைசியில் முன்பே பேசிய விலைக்கு வண்டியை நானே வாங்கிக்கொள்ளலாம். இரண்டிலும் கையெழுத்துப் போட்டவள் என்பதால் எழுதுகிறேன். என் சாய்வு இரண்டாவதன் பக்கம்தான், அதை மறைக்கவில்லை.

செடானா கிராஸ்ஓவரா என்பதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. மாருதியின் டிசையர் செடானுக்குத் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர், அதே நிறுவனத்தின் ஃப்ரான்க்ஸ் கிராஸ்ஓவருக்கு 190. இரண்டின் நீளமும் 3,995 மில்லிமீட்டர் என்பதால் தெருவில் நிறுத்தும் இடத்தில் வித்தியாசம் இல்லை. டிக்கியில் செடான்தான் பெரியது: 382 லிட்டருக்கு எதிரே 308. ஊருக்கு அரிசி மூட்டையும் பெட்டிகளும் ஏற்றிப் போகிறவர்களுக்கு அந்த 74 லிட்டர் பெரிய விஷயம்; எனக்கு இல்லை. எங்கள் தெருமுனையில் ஆளாளுக்குக் கட்டிவைத்த வேகத்தடைகளில் செடானின் அடிவயிறு உரசும் சத்தத்தை மூன்று வருடம் கேட்டிருக்கிறேன். 27 மில்லிமீட்டர் எனக்குப் போதுமான காரணம்.

நான்கு மீட்டருக்கு மேல் போகலாமா என்று ஒரு வாரம் ஆசைப்பட்டேன். வரி அந்த ஆசையை அடக்கியது. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. லீஸில் மாத வாடகைக்கும் அந்தந்தக் காரின் விகிதத்திலேயே வரி விழுகிறது. தமிழ்நாட்டின் சாலை வரி விகிதமும் பத்து லட்சம் என்ற கோட்டைத் தாண்டினால் கூடுகிறது. வாடகை ரசீதில் 'சாலை வரி' என்று தனி வரி இருக்காது, ஆனால் அது உள்ளே கலந்துதான் இருக்கும்.

இனி ஒப்பந்த வகைகள். விற்பனையாளர்கள் பத்துப் பெயர் சொன்னாலும் அடிப்படையில் மூன்றுதான். முதலாவது, எல்லாம் சேர்ந்த மாத வாடகை: இன்சூரன்ஸ், சர்வீஸ், சில இடங்களில் டயர் வரைக்கும் அவர்கள் பொறுப்பு, முடிவில் வண்டியைத் திருப்பித் தரவேண்டும். சந்தா என்று விற்கப்படுவதும் இந்த வகைதான். அதில் சிலவற்றுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து நம்பர் பிளேட் வரும். வாடகைக் கார் என்று ஊருக்கே தெரியும். இரண்டாவது, அலுவலகம் வழியாகச் சம்பளத்தில் பிடித்துக் கட்டும் லீஸ், முடிவில் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் வாய்ப்போடு. மூன்றாவது லீஸே இல்லை, வங்கிக் கடன். ஒப்பிடுவதற்காக அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

முதல் வகையின் சௌகரியத்தை நான் மறுக்கவில்லை. மூன்று வருடத்தில் சர்வீஸுக்கு ஒரு ரூபாய் எடுத்ததில்லை; ஆள் வந்து எடுத்துப் போய்க் கொண்டுவந்து விட்டார். கிலோமீட்டர் உச்சவரம்பு பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். வருடத்துக்கு 15,000 கொடுத்திருந்தார்கள், அம்பத்தூர் போய் வந்தும் 13,000 தாண்டவில்லை. (மிச்சம் 2,000-க்குக் காசு திரும்பாது என்பது வேறு கதை.) என் முடிவை மாற்றியது கிலோமீட்டர் அல்ல, வாடகையும் அல்ல. வண்டியைத் திருப்பிக் கொடுத்த அந்த ஒரு நாள் காலை.

சோதனைக்கு வந்தவர் இளைஞர், மரியாதையானவர். கையில் டேப்லெட், டார்ச், பெயின்ட்டின் தடிமன் அளக்கும் சிறு கருவி. தெருவிலேயே வேலையை ஆரம்பித்தார். முன் பம்பரின் அடி உதடு தேய்ந்திருந்தது, படம். இடது பக்கக் கதவுகள் இரண்டிலும் மீன்பாடி வண்டி கொடுத்த கோடு, படம். பானெட்டைச் சாய்வாகப் பார்த்து விரலால் வட்டம் போட்டுக் காட்டினார்: வெயில் பட்டால் மட்டும் தெரியும் நுண்ணிய கீறல்கள். அது எதனால் என்று எனக்குத் தெரியும். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து காற்று வீசும் நாட்களில் விடிவதற்குள் வண்டி மேல் கரும்பொடி படிந்திருக்கும். அவசரத்தில் உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டது போலத்தான். தண்ணீர் ஊற்றிக் கழுவ எங்கள் தெருவில் தினமும் தண்ணீர் ஏது?

பிறகு அவர் ஓட்டுநர் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார். நான் மூன்று வருடத்தில் ஒருமுறையும் பார்த்திராத கடைசி அரை அடி வெளியே வந்தது. அதில் மங்கலாக ஒரு பழுப்புக் கோடு. "இது மிக்ஜாம் தண்ணீரா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். படம்.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர் 3-ம் 4-ம் தேதிகளை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். எர்ணாவூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து வீட்டுச் சுவர்களில் கறை விட்டுப்போன மழை அது. எங்கள் தெருவில் எண்ணெய் வரவில்லை. தண்ணீர் காருக்குள் கணுக்கால் அளவு ஏறியது. நல்லவேளை, என் கணவர் சாவியைத் திருகவில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் போனால், சாதாரண முழு இன்சூரன்ஸ் அந்தச் செலவைத் தராது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். என் வண்டிக்கு அது எடுத்திருக்கிறார்களா என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை. பாலிசி என் பெயரில் இல்லையே. உரிமை கோரிக்கை, இழுவை வண்டி, எந்தப் பட்டறை என்பது எல்லாம் லீஸ் நிறுவனத்தின் முடிவு. மூன்று வாரம் கழித்து வண்டி வந்தது. அந்த மூன்று வாரத்துக்கும் வாடகை மட்டும் தேதி தவறாமல் பிடித்துக்கொண்டார்கள்.

சோதனை முடிந்து பத்து நாளில் கணக்கு வந்தது. லீஸ் ஆரம்பத்தில் நான் கட்டியிருந்த 60,000 ரூபாய் முன்வைப்பில் 38,400 கழிவு. பம்பர், இரண்டு கதவு, ஒரு சக்கரம், தரை விரிப்பு முழுவதும். வண்டியை ஒப்படைக்கும் முன் தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த டிங்கரிங்காரரிடம் காட்டியிருந்தேன். பம்பரும் கதவுகளும் பெயின்ட்டோடு சேர்த்து 11,000 என்றார். ஆனால் வெளிப் பட்டறையில் கைவைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. வைத்தாலும் அந்தத் தடிமன் கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

யாரும் என்னை ஏமாற்றவில்லை. ஒப்பந்தத்தில் 'நியாயமான தேய்மானம்' என்று ஒரு அட்டவணை இருந்தது. இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் கீறல், இத்தனை நெளிவு என்று. அது மூடிய கார் நிறுத்துமிடமும் அகலத் தெருவும் உள்ளவர்களுக்கு எழுதிய அட்டவணை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசைக்கும் சுவருக்கும் நடுவே தினமும் நுழைந்து வருகிறவர்களுக்கு, கடல் உப்புக்காற்றில் இரவெல்லாம் தெருவில் நிற்கும் வண்டிக்கு, நியாயமான தேய்மானம் என்பது வேறு. காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர், மணலி எங்கே இருந்தாலும், வீட்டுக்குள் ஷெட் இல்லாதவர்கள் திருப்பிக் கொடுக்கும் லீஸை எடுப்பதற்கு முன் அந்த அட்டவணையைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும். வாடகையைப் பிறகு பேசலாம்.

அதனால்தான் இந்த முறை வாங்கிக்கொள்ளும் லீஸ். கீறல் விழுந்தால் என் கீறல். டிங்கரிங்காரரும் என் ஆள்.

பணக் கணக்கு என்ன சொல்கிறது? வண்டி சாலைக்கு வரும்போது 9 லட்சம், நான்கு வருடம், கடைசியில் வாங்கும் விலை 25 சதவீதம், அதாவது 2.25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தேயும் 6.75 லட்சத்தை 48-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 14,060. லீஸ்காரர் போட்ட பணத்துக்குப் பத்து சதவீத வட்டி என்றால் சராசரியாக 4,690. மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. மாதம் 22,100-க்கு வந்து நிற்கும். அதே 9 லட்சத்தை ஒன்பது சதவீத வட்டியில் நான்கு வருடக் கடனாக எடுத்தால் தவணை ஏறக்குறைய 22,400, கடைசியில் கொடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை. இப்படிப் பார்த்தால் லீஸ் எடுப்பது முட்டாள்தனம்.

வித்தியாசம் வருமான வரியில் இருக்கிறது. வாடகை வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்து போகிறது. பதிலுக்கு, 1.6 லிட்டருக்கு உட்பட்ட காருக்கு, பெட்ரோலை நானே போட்டுக்கொண்டால், மாதம் 600 ரூபாய் மட்டும், அலுவலகம் தரும் கார் வசதியின் மதிப்பாக, வரிக்குரிய என் வருமானத்தில் சேர்க்கப்பட்டது. நான் கையெழுத்திட்டபோது இருந்த விதி அது. வீட்டுக் கடன் இருப்பதால் நான் பழைய வரி முறையிலேயே இருக்கிறேன். பத்து லட்சத்துக்கு மேலான பகுதிக்குச் செஸ்ஸோடு 31.2 சதவீதம். அந்த விதிப்படி மிச்சமாகும் வரியைக் கழித்தால் வாடகை கையிலிருந்து 15,400 போலத்தான் போகிறது. நான்கு வருடத்துக்கு 7.4 லட்சம், கடைசி 2.25-ஐயும் சேர்த்தால் 9.65. கடன் வழியில் 10.75. எனக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் மிச்சம். பக்கத்து மேஜைக்காரர் 20 சதவீத அடுக்கில் இருக்கிறார். அவருக்குப் போட்டுப் பார்த்தோம், 10.72-க்கு வந்தது. கடனோடு ஒப்பிட்டால் மூவாயிரம் ரூபாய் வித்தியாசம். அவர் கடனிலேயே எடுத்தார், சரியாகத்தான் செய்தார். சொந்தத் தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு மறுபடி வேறு: தொழிலுக்கு ஓடும் அளவுக்கு வாடகையைச் செலவில் எழுதலாம், சொந்த வண்டியென்றால் வருடத்துக்கு 15 சதவீதத் தேய்மானம்தான், ஆனால் சாதாரணத் தொழிலில் வாடகை ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது.

கடைசி விலை குறைவாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். கிராஸ்ஓவருக்கு எனக்குக் கிடைத்த விலைக்குறிப்பில் அது செடானைவிடச் சில சதவீதம் கூடுதலாக இருந்தது. மறுவிற்பனையில் அதற்கு மவுசு என்பது காரணம். வாடகை அதனால் குறையும், கடைசியில் கொடுப்பது கூடும். திருப்பிக் கொடுக்கிறவருக்கு லாபம், வாங்கிக்கொள்கிறவருக்கு இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுவதுதான்.

இந்த வகையிலும் இரண்டு குறைகள். நான்கு வருடம் இன்சூரன்ஸில் எதுவும் கோராமல் ஓட்டினால் சேரும் 45 சதவீதத் தள்ளுபடி பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். வண்டி என் பெயருக்கு மாறும்போது நான் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பேன். இரண்டாவது, வேலையை விட்டால் லீஸை நடுவில் முடிக்க வேண்டும், அல்லது புதிய நிறுவனம் ஏற்றுக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே முடிக்கும் கட்டணம் ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. நான் அதைக் கடந்து வரவில்லை, அதனால் அந்தப் பக்கம் எப்படிக் கடிக்கும் என்று அனுபவமாகச் சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்குள் வேலை மாறும் எண்ணம் உள்ளவர்கள் கடனோடு இருந்துவிடுவது நல்லது. இந்த முறை இன்ஜின் பாதுகாப்புப் பிரிவு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டேன்.

இரண்டாவது மாதமே ஒரு ஆட்டோ பின்கதவில் கோடு போட்டது. ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டைக்கு ஓட்டிப் போனேன். டிங்கரிங்காரர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்போது எதற்கு? இன்னும் நாலு விழட்டும், சேர்த்துச் செய்துவிடலாம்" என்றார். டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். வீட்டில் மாமியார் எட்டிப் பார்த்து, கோடு அப்படியே இருக்கிறதே என்றார். நம் வண்டிதானே அத்தை, இருக்கட்டும் என்றேன்.

"நான்கு வருடம் கழித்துத்தானே நம் வண்டி?" என்றார்.