அசோலா தொட்டி: நான்கு வருட அனுபவம்

தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணியான அசோலாவை வளர்க்கத் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. இதற்குள் இரண்டு முறை தொட்டி முழுக்க அழிந்து, ஒரு கைப்பிடியிலிருந்து மறுபடி பெருக்கியிருக்கிறேன். இரண்டு முறையும் நான் பெரணியைத்தான் கவனித்தேன், அதன் இலைக்குள் இருப்பதை மறந்துவிட்டேன்.

அசோலாவின் ஒவ்வொரு இலையும் இரண்டு மடல் கொண்டது. கீழ்மடல் மெல்லியது, தண்ணீரில் படிந்து கிடக்கும். மேல்மடல் தடிப்பானது, அதற்குள் ஒரு சின்னக் குழி. அந்தக் குழிதான் நாஸ்டாக் அசோலே என்ற நீலப்பச்சை பாக்டீரியாவின் வீடு. அனபீனா என்ற பழைய பெயர்தான் பலருக்குப் பழக்கம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கி அது பெரணிக்குக் கொடுக்கிறது. பெரணி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது.

முதல் வருடம் வளர்ச்சி மந்தமாகத் தெரிந்ததால், தழைச்சத்து (நைட்ரஜன்) உரமான யூரியாவைக் கொஞ்சம் போட்டேன். பத்தே நாளில் இழைப்பாசி கிளம்பி, அசோலாவின் வேர்களைப் பின்னி மூழ்கடித்துவிட்டது. தழைச்சத்து இல்லாத தண்ணீரில் மற்ற பாசிகள் பட்டினி கிடக்கும், அசோலா கிடக்காது. அந்த ஒரே சாதகத்தையும் நானே எடுத்துப் பாசிக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது முறை இலைகள் செம்பழுப்பாக மாறின. கடும் வெயிலிலும் குளிரிலும் அப்படி ஆகும் என்பதால் நிழல்வலை கட்டிப் பார்த்தேன், மாறவில்லை. துணுக்குகள் சிறுத்து, வேர் நீண்டுகொண்டே போனது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறை என்று புரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தழைச்சத்துக்குக் காற்று இருக்கிறது. மணிச்சத்துக்கு அந்தத் தண்ணீரை விட்டால் வேறு வழி இல்லை. இப்போது சூப்பர் பாஸ்பேட்டைக் கரைத்து வாரம் ஒருமுறை சிறிதளவு விடுகிறேன். அடியில் சலித்த மண் இரண்டு விரற்கடை உயரத்துக்கு இருக்கிறது. நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரஜனேஸ் நொதிக்கு இரும்பும் மாலிப்டினமும் வேண்டும், மண்ணிலிருந்து அவை துளித்துளியாகக் கரைந்து வரும்.

மூன்றாம் வருடம் மாணவர்கள் பயன்படுத்தும் ஒரு நுண்ணோக்கி கைக்கு வந்தது. ஒரு இலையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு நீர் விட்டு நசுக்கி, 400 மடங்கில் பார்த்தேன். பாசிமணி கோத்த மாதிரி பச்சைச் சங்கிலிகள். நடுநடுவே கொஞ்சம் பெரிதாக, வெளிறிய, தடித்த சுவருள்ள மணிகள். அவைதான் நைட்ரஜனைப் பிடிக்கும் ஹெட்டிரோசிஸ்ட் செல்கள். ஆக்சிஜன் பட்டால் நைட்ரஜனேஸ் செயலிழந்துவிடும். அதனால் இந்தச் செல்கள் ஆக்சிஜன் வெளியிடும் வேலையையே கைவிட்டு, சுவரைத் தடிப்பாக்கிக்கொள்கின்றன. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 16 செலவாகும். அத்தனை செலவையும் தாங்கும் செல்லை நேரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் நுனி இலைகளை நசுக்கிப் பார்த்தேன். அங்கே சங்கிலி இருந்தது, வெளிறிய மணிகள் இல்லை. நுனியிலிருந்து பின்னால் போகப் போக அவை கூடின. தனித்து வாழும் உறவுக்கார இனங்களில் ஹெட்டிரோசிஸ்ட் 5 முதல் 10 சதவீதம்தான். அசோலாவின் முதிர்ந்த இலையில் 20 முதல் 30 சதவீதம் வரை போகும். நுனி இலை சாப்பிடும் தழைச்சத்து பெரும்பாலும் முதிர்ந்த இலைகள் சமைத்து அனுப்புவது.

இந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்க்க முடிவதில்லை. 2010-இல் இதன் மரபணுத் தொகுப்பை வாசித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மரபணுக்கள் பழுதாகிக் கிடந்தன. வெளியே பிழைக்கத் தேவையானவை பலவற்றை இழந்துவிட்டது. நைட்ரஜன் பிடிப்பவை மட்டும் பத்திரமாக இருக்கின்றன. பெரணியின் வித்துகளோடு சேர்ந்தே அது அடுத்த தலைமுறைக்கும் போகிறது.

எதிர்பார்த்து ஏமாந்த விஷயமும் உண்டு. ஒரு வருடம் தொட்டித் தண்ணீரைப் பூச்செடிகளுக்கு ஊற்றினேன், பெரிய பலன் இல்லை. உயிரோடு இருக்கும் அசோலா தண்ணீருக்கு மிகக் குறைவாகவே தழைச்சத்தை விடுகிறது. இலைகளை அள்ளி மண்ணில் புதைத்தேன். மக்கத் தொடங்கிய மூன்றாவது வாரம் செடிகள் கரும்பச்சையாயின.

அள்ளும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. எடுக்காமல் விட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை அழுகுகின்றன. வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் வலை கட்டுகிறேன். புழு தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் அள்ளி எறிந்துவிடுகிறேன். யூரியா பக்கம் போவதே இல்லை.