பிராஞ்சை ஏஜென்டிடம் விடலாம், டேக்கை? டெர்மினல், எம்சிபி, நம் கை: ஓர் ஒப்பீடு

கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் ரெப்போவை, சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏஐ ஏஜென்டிடம் ஒப்படைக்க இப்போது மூன்று வழிகள் புழங்குகின்றன. டெர்மினலையே திறந்துவிட்டு எந்தக் கட்டளையையும் ஓட்டிக்கொள்ளச் சொல்வது ஒன்று. எம்சிபி (ஏஜென்டை வெளிக் கருவிகளோடு இணைக்கும் நெறிமுறை) சர்வர் வழியாக, எண்ணி எடுத்த சில டூல்களை மட்டும் கொடுப்பது இன்னொன்று. கட்டளையை ஏஜென்ட் எழுதித் தரட்டும், என்டரை நாம் தட்டுவோம் என்பது மூன்றாவது. எது மேல் என்று வாதிடுபவர்கள் பெரும்பாலும் பிராஞ்சையும் டேக்கையும் ஒன்றாகவே கருதிவிடுகிறார்கள். கிட்டுக்குள் இரண்டுமே ஒரு கமிட்டை, அதாவது பதிந்து வைத்த ஒரு மாற்றத்தை, சுட்டும் பெயர்கள்தான். ஆனால் பிராஞ்ச், புதுக் கமிட் சேரச் சேர நகர்வதற்கென்றே இருப்பது. டேக், ஒரு வெளியீட்டைக் குறிக்கப் போடுவது, நகரவே கூடாதது. அனுமதியும் அதற்கேற்பப் பிரிய வேண்டும் என்பது என் கட்சி.

வேகத்தில் டெர்மினலை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரீபேஸ் (கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மாற்றி அடுக்குவது), செர்ரி-பிக் (ஒரு கமிட்டை மட்டும் எடுத்து வேறு பிராஞ்சில் போடுவது) எல்லாம் சொன்ன மாத்திரத்தில் நடக்கும். ஒரே ரெப்போவில் இரண்டு ஏஜென்டுகளை ஓட்டுபவர்களுக்கு, 2015-இல் கிட் 2.5-உடன் வந்த வொர்க்ட்ரீ பெரிய உதவி. ஆளுக்கொரு ஃபோல்டர், ஆளுக்கொரு பிராஞ்ச். ஒரே பிராஞ்சை இரண்டு இடத்தில் செக்அவுட் செய்து திறக்கப் போனால் கிட்டே தடுத்துவிடும்.

வம்பு வருவது பழையதைக் கழிக்கும்போதுதான். "மெர்ஜ் ஆன பிராஞ்சுகளை அழி" என்கிறீர்கள். உங்கள் டீமோ ஸ்குவாஷ் மெர்ஜ் (பிராஞ்சின் கமிட்டுகளை ஒன்றாக்கி மெயின் பிராஞ்சில் சேர்ப்பது) செய்யும் டீம். அப்படியென்றால் மெயினில் இருப்பது புதிதாக உருவான ஒற்றைக் கமிட். பிராஞ்சின் பழைய கமிட்டுகள் மெயினின் வரலாற்றில் இல்லை. ஏஜென்ட் 'கிட் பிராஞ்ச்' கட்டளையில் சிறிய 'டி' போட்டு அழிக்கப் பார்க்கும். முழுதாக மெர்ஜ் ஆகவில்லை என்று கிட் மறுக்கலாம். மறுத்த கையோடு, அழித்தே தீர வேண்டுமென்றால் பெரிய 'டி' போடு என்று யோசனையும் சொல்லும்! நமக்கு அது எச்சரிக்கை. ஏஜென்டுக்கு அதுவே அடுத்த வேலை. அழிந்தவற்றில் முக்கால்வாசி உண்மையிலேயே மெர்ஜ் ஆனவையாக இருக்கும். ஏதோ ஒன்றில் மட்டும், மெர்ஜுக்குப் பிறகு போட்டு இன்னும் புஷ் செய்யாத (சர்வருக்கு அனுப்பாத) கமிட் இருக்கலாம்.

அதற்காகத் தலையில் கை வைக்க வேண்டியதில்லை. பிராஞ்சை அழிக்கும்போது அது நின்றிருந்த கமிட்டின் எண்ணை கிட் அச்சிடுகிறது. ஏஜென்டின் அவுட்புட்டை விரித்து, அந்த எண்ணிலேயே மறுபடி பிராஞ்ச் போட்டால் ஆயிற்று. எண் கிடைக்காவிட்டாலும் ஹெட்டின் ரெஃப்லாக், அதாவது எந்தெந்தக் கமிட்டில் நின்றோம் என்ற கிட்டின் குறிப்பேடு, இருக்கிறது. அமைப்பை மாற்றாதவரை, எந்த பிராஞ்சிலும் சேராத கமிட்டுகளின் தடத்தை 30 நாள் வைத்திருக்கும். அதனால் நம் மெஷினில் இருக்கும் லோக்கல் பிராஞ்சுகளுக்கு டெர்மினலைத் தாராளமாகவே கொடுப்பேன்.

எம்சிபி என்பது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட நெறிமுறை. அதற்கு மாதிரியாகத் தரப்பட்ட கிட் சர்வரில் ஸ்டேட்டஸ், டிஃப், கமிட், பிராஞ்ச் உருவாக்கம், செக்அவுட் உண்டு. புஷ், டேக் இரண்டுக்கும் டூல் கிடையாது. ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பின் எம்சிபி சர்வர் வேறு ரகம். லோக்கலைத் தொடாமல் நேரே ரிமோட்டில், அதாவது அந்தத் தளத்திலேயே, வேலை செய்யும், படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையிலும் ஓட்டலாம். எந்த பிராஞ்ச் தேங்கிக் கிடக்கிறது, கடைசி டேக் எது என்பது போன்ற கேள்விகளுக்கு இது தாராளம்.

ஒரு விஷயம் மட்டும் பலர் கவனிப்பதில்லை. எம்சிபி டூல்களைக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே டெர்மினலையும் திறந்து வைத்தால், குறைத்ததற்கு அர்த்தமே இல்லை. டூல் இல்லையென்றால் ஏஜென்ட் கூச்சப்படாமல் டெர்மினலுக்குப் போய்விடும். 'கிட் புஷ்' என்று தொடங்கும் கட்டளையைத் தடு என்று அங்கே விதி எழுதியிருப்பீர்கள். இரண்டு சொற்களுக்கும் நடுவே ஃபோல்டரைக் குறிக்கும் 'மைனஸ் சி' புகுந்தாலே அந்த விதி பொருந்தாமல் போகலாம்.

டேக்குக்கு வருவோம். "1.4.0 டேக் போடு" என்று மொட்டையாகச் சொன்னால் ஏஜென்ட் லைட்வெயிட் டேக் போட்டுவிட வாய்ப்புண்டு. யார் போட்டது, எப்போது, எதற்கு என்ற விவரம் எதுவும் அதில் இருக்காது. பக்கத்து டேக்கை வைத்து ஒரு கமிட்டுக்குப் பெயர் சொல்லும் 'கிட் டிஸ்க்ரைப்' அதைச் சாதாரணமாகக் கணக்கிலேயே எடுக்காது. டேக்குகளையும் சேர்த்து அனுப்பும் ஃபாலோ-டேக்ஸ் ஆப்ஷனோடு புஷ் செய்தாலும் போகாது. டேக் வந்ததும் ஓட வேண்டிய ரிலீஸ் பில்ட் (வெளியீட்டைத் தயாரிக்கும் வேலை) கிளம்பவில்லையே என்று கேட்டால், எல்லா டேக்கையும் ஒரேயடியாகத் தள்ளும் ஆப்ஷனைப் போட்டுவிடும். உங்கள் மெஷினில் சோதனைக்குப் போட்டு மறந்த டேக்குகளும் சேர்ந்து போகும். அவற்றுக்கும் பில்ட் கிளம்பலாம்.

பிறகு திருத்துகிறேன் என்று டேக்கை ஃபோர்ஸ் போட்டு நகர்த்தினால் இன்னும் மோசம். 2018-இல் வந்த கிட் 2.20 முதல், ஏற்கெனவே இருக்கும் டேக்கை, சர்வரிலிருந்து புதியவற்றை இழுக்கும் ஃபெட்ச் தானாக மாற்றாது. ஒரே பெயரில் ஆளுக்கொரு கமிட் இருக்கும். வெளியே போன டேக் தப்பென்றால் வேறு பெயரில் புதிது போடுவதே புத்திசாலித்தனம் என்று கிட்டின் கையேடே சொல்கிறது. நகரும் டேக் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2025 மார்ச் சம்பவம் இருக்கிறது. 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் பயன்படுத்திய 'டிஜே-ஆக்‌ஷன்ஸ்/சேஞ்ச்ட்-ஃபைல்ஸ்' என்ற, பில்டுகளில் சேர்த்து ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷனின் பதிப்பு டேக்குகளை, தாக்குதல் நடத்தியவர்கள் ஒரு விஷமக் கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். டேக் பெயரை நம்பியிருந்த பில்டுகளின் லாகில் ரகசியச் சாவிகள் கசிந்தன.

ஆகவே டேக்குக்கு மூன்றாவது வழிதான். எந்தக் கமிட் என்று எண்ணோடு குறித்து, விவரத்தோடு கூடிய அனோடேட்டட் டேக்காக, அந்த ஒற்றைப் பெயரை மட்டும் புஷ் செய்யும் கட்டளையை ஏஜென்ட் எழுதட்டும். மாற்றங்களின் பட்டியலான சேஞ்ச்லாகையும் அதுவே தொகுக்கட்டும், அதில் கில்லாடி. என்டர் மட்டும் நம்முடையது.

இதற்கு மேல், டேக்கை யார் போடலாம், மாற்றலாம் என்று கட்டுப்படுத்தும் ஒரு பூட்டு சர்வரில் வேண்டும். கிட்ஹப்பில் அதன் பெயர் ரூல்செட், அதே போன்ற தளமான கிட்லேபில் புரொடெக்டட் டேக். அதைப் போட்டுவிட்டு அட்மினான உங்கள் சொந்த டோக்கனையே (கடவுச்சொல்போல் உள்ளே விடும் சாவி) ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள். விதியைத் தாண்டும் உரிமை உங்களுக்கு இருந்தால், உங்கள் டோக்கனில் ஓடும் ஏஜென்டுக்கும் அது உண்டு. அதற்கென்று தனிக் கணக்கு திறந்து, மெயினுக்கும் டேக்குக்கும் எழுதும் உரிமை இல்லாத அந்தக் கணக்கின் டோக்கனைக் கொடுங்கள்.