வயர் இயர்போன்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

தினமும் காதில் கிடக்கும் பொருள் என்பதால் தைரியமாகவே சொல்கிறேன்: வயர் இயர்போனை விட்டு நான் மாறப் போவதில்லை. நடுவில் ப்ளூடூத் இயர்பட்ஸும் வாங்கி நன்றாகவே பயன்படுத்தினேன். ஒலியில் குறை சொல்ல எதுவும் இல்லை. பிரச்சினை பேட்டரிதான். ஒவ்வொரு பட்ஸுக்குள்ளும் இருப்பது மிகச் சிறிய லித்தியம் அயான் பேட்டரி. சார்ஜ் போடப் போட அது பிடித்து வைக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். பெரும்பாலான மாடல்களில் அதைக் கழற்றி மாற்ற வழி கிடையாது. ஸ்பீக்கர் நன்றாக இருக்கும்போதே முழுப் பொருளும் குப்பைக்குப் போகிறது. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு இது நியாயமே இல்லை.

வயர் இயர்போன் பெரும்பாலும் கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான்: போனில் செருகும் பின்னை ஒட்டி வயர் வளையும் கழுத்து. முதலில் ஒரு காதில் மட்டும் கரகரவென்று வரும். வயரை லேசாகத் திருகிப் பிடித்தால் பாட்டு கேட்கும், விட்டால் போய்விடும். உள்ளே முடி போன்ற செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன என்று அர்த்தம். போனைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் இது சீக்கிரமே வரும். நான் தளர்வாக வளையம் வளையமாகச் சுருட்டி வைப்பேன். கழற்றும்போது வயரை இழுக்காமல் பின்னைப் பிடித்து உருவுவேன். இப்போது வைத்திருப்பது வயரைத் தனியாக மாற்றக்கூடிய வகை. அறுந்தாலும் வயர் மட்டும் வாங்கினால் போதும். அப்புறம், ஒரு பக்கம் சத்தம் மெதுவாகக் குறைந்தால் உடனே தூக்கிப் போடாதீர்கள். பல நேரம் ஸ்பீக்கர் மேல் இருக்கும் வலையில் காது அழுக்கு அடைத்திருக்கும்.

2016இல் ஐபோன் 7இல் இயர்போன் செருகும் 3.5 மி.மீ. ஜாக் போனது, பிறகு பல நிறுவனங்களும் அதே வழியில் போயின. ஜாக் இல்லாத போனின் சார்ஜ் துளையில் வயர் இயர்போனைச் செருக டைப்-சி கன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சிலவற்றுக்குள் டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் டாக் சிப் இருக்கும், சிலவற்றில் வெறும் இணைப்பு மட்டும்தான். போனே அனலாக் ஒலியை அந்த வழியாக அனுப்பினால்தான் இரண்டாவது வகை வேலை செய்யும். அதனால் டாக் உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

பழைய போன்களில் எஃப்எம் போட்டால் "ஹெட்செட்டைச் செருகவும்" என்று வருமே, ஞாபகம் இருக்கிறதா? எஃப்எம் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதைப் பிடிக்க நீளமான கம்பி தேவை என்பதால் இயர்போன் வயரையே ஆன்டெனாவாக வைத்திருந்தார்கள். இரவில் டேட்டா இல்லாமல் பாட்டு கேட்ட அந்தச் சுகம் இன்னமும் மனசில் இருக்கிறது.

குறைகளும் உண்டு. நடக்கும்போது வயர் சட்டையில் உரசும் சத்தம் காதுக்குள் கேட்கும். சாதாரண கன்வெர்ட்டர் போட்டிருந்தால் கூடவே வயரில் சார்ஜ் போட முடியாது. தினமும் ஓடுகிறவர்கள், உடற்பயிற்சி செய்கிறவர்கள் ப்ளூடூத்தே வாங்கலாம். உட்கார்ந்து கேட்பவர்களுக்கும், மீட்டிங்கிலேயே நாள் போகிறவர்களுக்கும் வயர்தான் சரி.