பலாச்சுளை வாசக் கோப்பியும் பாக்கெட்டின் பின்பக்கத்து ஒரு வரியும்

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கம் ஒரு சின்னத் தோட்டக்காரர் விற்கும் லைபெரிக்கா (அராபிக்கா, ரொபஸ்டா போல ஒரு கோப்பி வகை) கோப்பித் தூள், 200 கிராம் 28 வெள்ளி (ரிங்கிட்). போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கினேன், கூடவே 15 வெள்ளி கட்டித் தோட்டத்தையும் சுற்றிப் பார்த்தேன். பெயர் போடவில்லை. கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன், ஆனால் நல்ல மனிதர்கள்.

முதலில் கோப்பி. பாக்கெட்டைப் பிரித்ததுமே பழுத்த பலா வாசம் அடிக்கிறது, லைபெரிக்காவின் அடையாளமே அதுதான். சீனியும் மார்ஜரினும் போட்டுக் கருக வறுத்த கோப்பி-ஓ (பால் ஊற்றாத கடுங்கோப்பி) குடித்தே வளர்ந்த நாக்குக்கு இது முதலில் சப்பென்று இருக்கும். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு "என்ன இது, கசாயமா?" என்றார், மூன்றாம் நாள் பசியாறும்போது அவரே கேட்டு வாங்கிக் குடித்தார். டின் பால் ஊற்றினாலும் வாசம் அமுங்கவில்லை. வறுத்த தேதி மட்டும் பாக்கெட்டில் எங்குமே இல்லை. 28 வெள்ளி வாங்குகிறவர்கள் அதைப் போடலாம்.

விலையைக் கேட்டு அம்மா முணுமுணுத்தார். ஆனால் லைபெரிக்கா பழத்துக்குத் தோலும் சதையும் தடிமன், ஏறக்குறைய பத்து கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ கொட்டை தேறும். மரமும் விட்டால் ஏணி போட்டுப் பறிக்கிற உயரத்துக்குப் போய்விடும். சரி, விலையில் எனக்குப் புகார் இல்லை.

புகார் பின்பக்கத்து வரியில்தான். 'எங்கள் தோட்டம் கரியமில வாயுவைக் குறைக்கிறது, பல்லுயிர்களைக் காக்கிறது' என்று போட்டிருக்கிறார்கள். எப்படி அளந்தீர்கள் என்று கேட்கத்தான் உள்ளே போனேன். மூன்று ஏக்கர்; மேலே டுரியான், பெத்தாய் (காட்டமான வாசமுள்ள அவரை மாதிரிக் காய்), பலா, அதற்குக் கீழே கோப்பி, இடையிடையே வாழை, ஓரத்தில் சீவிய தழும்போடு ஐந்தாறு கிழட்டுப் பால்மரம், அதாவது ரப்பர் மரம். (மலாயாவில் பால்மரத்துக்கு முன்னால் கோப்பித் தோட்டம்தான் போட்டார்கள்; 1890களின் கடைசியில் பிரேசில் கோப்பி குவிந்து விலை சரிந்ததும் துரைமார் ரப்பருக்குத் தாவினார்கள். இங்கே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தது.)

தோட்டக்காரரின் மகன் டேப்பை எடுத்து வந்து தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி அளந்து காட்டினார். சுற்றளவிலிருந்து விட்டம், விட்டத்தையும் மரத்தின் அடர்த்தியையும் வைத்து உலர் எடை, அதில் ஏறக்குறைய பாதி கரிமம், அதை 3.67ஆல் பெருக்கினால் கரியமில வாயுக் கணக்கு. முறை சரியானதுதான், ஊர் உலகத்தில் எல்லாரும் இப்படித்தான் அளக்கிறார்கள். ஆனால் அந்த டுரியான் மரங்கள் அவருடைய தாத்தா நட்டவை, கோப்பி வைத்து ஏழு வருடம்தான் ஆகிறது. தாத்தா காலத்து மரத்தின் எடையைக் கோப்பியின் புண்ணியத்தில் எழுதினால் எப்படி? கோப்பி இல்லாவிட்டால் அந்த நிலம் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்து, அதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைத்தானே சொல்ல வேண்டும்.

இதைச் சொன்னதும் அந்த மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கோப்பி வைக்கலன்னா அப்பா எல்லாத்தையும் வெட்டிட்டுச் செம்பனை நட்டிருப்பாருண்ணே" என்றார் (செம்பனை என்றால் பாமாயில் எடுக்கிற எண்ணெய்ப் பனை). அப்படியென்றால் விசயமே வேறு! வெட்டாமல் தப்பிய மரங்கள்தான் அந்தக் கோப்பியின் லாபம். அதைப் போடுங்கள் தம்பி என்றேன்.

பல்லுயிர்க் கணக்கு இன்னும் பலவீனம். கண்ணில் பட்ட பறவையை எல்லாம் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இத்தனை நிமிடம் என்று நின்று எண்ணி, பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலும் அதேபோல எண்ணினால்தான் ஒப்பிட முடியும். நிழல் பரவாயில்லை: அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் தரும் பறவை நேயச் சான்றிதழுக்குக் குறைந்தது 40 விழுக்காடு நிழல் வேண்டும், என் கண்ணுக்கு இங்கே அதற்கு மேலேயே இருக்கிறது. இயற்கை வேளாண்மைச் சான்றிதழும் வேண்டும், அது இவர்களிடம் இல்லை.

ஒன்று மட்டும் உண்மையிலேயே பிடிக்கவில்லை. பழம் குறைந்த மாதங்களில் பொந்தியான் பக்கத்திலிருந்து கொட்டை வாங்கிக் கலப்பார்களாம். அந்த நிலம் காம்புட் மண், அதாவது மக்காத செடிகொடி தண்ணீரில் ஊறிச் சேர்ந்த சதுப்பு மண். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் மண்ணே மக்கிக் கரியமில வாயுவை வெளியே விடும். அந்தப் பாக்கெட்டிலும் இதே வரிதான்.

ஆனால் மொத்தத் தோட்டத்திலும் நல்ல அளவுகோல் அந்த வீட்டு அம்மாவின் நோட்டுப் புத்தகம். வாழைத்தார், பெத்தாய்க் கட்டு, டுரியான், கோப்பி எல்லாவற்றையும் மாதாமாதம் கிலோவோடு எழுதி வைத்திருக்கிறார். உதாரணத்துக்கு, கோப்பி மட்டும் நட்டால் கிடைப்பதில் 0.6 பங்கும், பழமரம் மட்டும் நட்டால் கிடைப்பதில் 0.7 பங்கும் ஒரே நிலத்தில் கிடைத்தால் கூட்டு 1.3; ஒன்றைத் தாண்டினால் கலந்து நட்டது லாபம் என்று அர்த்தம். இந்தக் கணக்கைப் போட வேண்டிய பாதி விவரம் அடுப்படி அலமாரியில் கிடக்கிறது, பாக்கெட்டில் ஒரு எழுத்து இல்லை.

போகிறவர்கள் முழுக்கால் சட்டை போட்டுப் போங்கள், கொசு பிடுங்கி எடுக்கிறது. நான் இரண்டாவது பாக்கெட் சொல்லிவிட்டேன், பொந்தியான் கொட்டை கலக்காத மாதமாகப் பார்த்து அனுப்பும்படி.