கோட்டாறு போகாதீர்கள், பள்ளிவிளைக்குப் போங்கள்

மாதம் ஒருமுறை அம்மாவைத் திருவனந்தபுரத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அம்மா இருப்பது வள்ளியூரில், தம்பி வீட்டில். அவன் அங்கே ஏற்றிவிடுவான், நான் நாகர்கோவிலில் ஏறிக்கொள்வேன். நாங்கள் போகும் காலை வண்டி முன்பெல்லாம் கோட்டாறில் இருக்கும் நாகர்கோவில் ஜங்ஷனுக்குள் வந்து போகும். இப்போது ஜங்ஷனைத் தொடாமல், பள்ளிவிளையில் இருக்கும் நாகர்கோவில் டவுன் ஸ்டேஷன் வழியாகவே போய்விடுகிறது. ஏழெட்டு முறை போய்வந்துவிட்டேன். எப்படி இருக்கிறது என்று எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விஷயம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979இல். திருநெல்வேலிப் பாதை அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1981இல். இந்த இரண்டு பாதைகளும் ஜங்ஷனுக்கு ஒரே பக்கத்திலிருந்துதான் வந்து நுழைகின்றன. மறுபக்கம் கன்னியாகுமரிக்கு. அதனால் கன்னியாகுமரி வண்டிகளுக்குத் தொல்லை இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து கேரளாவுக்குப் போகிற வண்டிதான், வீட்டுக்குள் வந்து தலையைக் காட்டிவிட்டு வந்த வாசல் வழியாகவே வெளியே போகவேண்டும். இன்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தில் ஓட்டிக் கொண்டுபோய், மறுமுனையில் மாட்டி, பிரேக் சோதித்து, அப்புறம்தான் பச்சை விழும். இருபது நிமிடமாவது போய்விடும். முகம் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் முதுகு காட்டிப் போவார்கள். "வண்டி திரும்பவும் ஊருக்கே போகுதா?" என்று ஏதாவது ஒரு குழந்தை கேட்காமல் இருக்காது.

டவுன் வழி என்பது இந்தச் சுற்று இல்லாத குறுக்குவழி. ஆரல்வாய்மொழி கணவாயில் காற்றாலைகளைத் தாண்டி, தோவாளையையும் தாண்டி வரும் வண்டி, ஜங்ஷன் பக்கம் இறங்காமல் நேராகப் பள்ளிவிளையில் நின்று, அப்படியே இரணியல், குழித்துறை என்று போய்விடும். எங்கள் மாவட்டத்தில் கடலை ஒட்டி ரயில் பாதை கிடையாது. குளச்சல்காரரும் மண்டைக்காட்டுக்காரரும் இரணியலுக்குத்தான் வந்து ஏறவேண்டும். கடலை விட்டு உள்ளே தள்ளிப் போகும் பாதை ஒன்றே ஒன்றுதான். அதிலும் ஒரு வண்டி இருபது நிமிடம் மிச்சம் பிடித்தால், அந்த வரிசையில் காத்திருக்கும் எல்லோருக்கும் அது மிச்சம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதல் மாதம் நான் செய்த கூத்து இது. டிக்கெட்டை எடுத்தது நான்தான். அதில் என்.ஜே.டி. என்று தெளிவாகவே இருந்தது. என்.சி.ஜே. என்றால் ஜங்ஷன், என்.ஜே.டி. என்றால் டவுன். நான் படிக்கவில்லை. கால் தன்பாட்டுக்குக் கோட்டாறுக்குப் போய்விட்டது. டீ குடித்துவிட்டுப் பிளாட்பாரத்தில் நிற்கிறேன், போன் வருகிறது.

"ஏல, எங்க நிக்க? இங்க டவுன்னு போட்டிருக்கு."

"டவுனா? அம்மா, எறங்காத. உக்காந்துக்கோ."

வெளியே ஓடிவந்து ஆட்டோ பிடித்தேன். இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு வந்தார். பேரம் பேசிய நேரத்துக்குப் போயிருந்தாலும் பிடித்திருக்க முடியாது, அது வேறு. பள்ளிவிளையில் இறங்கும்போது பிளாட்பாரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது, வேறு யாரும் இல்லை. அங்கிருந்து வடசேரிக்குப் போய் பஸ் பிடித்துத் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி, எதிரே ஸ்டேஷனுக்குள் ஓடினால், அம்மா பெஞ்சில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் இரணியலில் ஏறிய ஒரு அக்கா. கைபிடித்து இறக்கிவிட்டதும் அல்லாமல், நான் வரும்வரை கூடவே இருந்திருக்கிறார். அம்மா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "நார உரிச்சுத் தா."

அடுத்த மாதத்திலிருந்து ஒழுங்காக டவுனில்தான் ஏறுகிறேன். வெட்டூர்ணிமடத்தில் இருக்கும் எனக்கு அது பக்கம். கோட்டாறு நெரிசலில் மாட்டவேண்டியதில்லை. ஜங்ஷன் அளவுக்குக் கூட்டமோ ஓட்டமோ இல்லாத சின்ன ஸ்டேஷன் என்பதால் அம்மாவின் பெட்டியைக் கண்டுபிடிப்பதும் எளிது. ஆனால் கொஞ்ச நேரம்தான் நிற்கும். எந்தப் பெட்டி எங்கே வரும் என்று முன்பே கேட்டு நின்றுகொள்ளுங்கள். பழைய கணக்கு உதவாது. இன்ஜின் முனை மாறாததால், முன்பு திருவனந்தபுரத்தில் கடைசியில் போய் நின்ற எங்கள் பெட்டி இப்போது முன்னால் நிற்கிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

குறை என்றால், சுசீந்திரம், கன்னியாகுமரிப் பக்கத்து ஆட்களுக்கு இது வசதியே இல்லை. அவர்களுக்கு ஜங்ஷன்தான் கைக்கெட்டிய இடம். டவுனுக்கு வருவதென்றால் ஊரைக் குறுக்கே கடக்கவேண்டும். மிச்சமான இருபது நிமிடமும் ஆட்டோக் காசும் அங்கேயே போய்விடும். எல்லா வண்டியையும் இப்படித் திருப்பிவிட்டால் சரி என்று நான் சொல்லமாட்டேன். நெடுந்தூரம் போகிற, இங்கே அதிகம் பேர் ஏறி இறங்காத வண்டிகளுக்கு இது பொருந்தும். திருவனந்தபுரம் பக்கம் இரட்டைப் பாதை வேலை முடியும்வரை, இங்கே மிச்சம் பிடித்ததை வழியில் எதிர்வண்டிக்காக நின்று செலவழிக்கவும் நேரலாம்.

இன்னொரு குறை அம்மாவுடையது. ஜங்ஷனில் இன்ஜின் மாற்றும் நேரத்தில் இறங்கி, காலை நீட்டி நடந்து, சூடாக ஒரு டீயும் ஒரு பருப்பு வடையும் சாப்பிடுவாள். வள்ளியூரில் விடிகாலையில் கிளம்பிய ஆளுக்கு அது ஒரு ஓய்வு. இதை எந்தக் கால அட்டவணையிலும் சேர்க்கமுடியாது. இப்போது தம்பி பிளாஸ்கில் டீ கொடுத்துவிடுகிறான். அதில் ஏலக்காய் அதிகம் என்று குழித்துறை வரைக்கும் புகார்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அம்மா மூன்றுதான் கொடுப்பாள். அடுத்த பயணத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. என்.ஜே.டி. என்றுதான் இருக்கிறது, மூன்று முறை பார்த்துவிட்டேன்.